முதுகு ஆபரேஷனுக்கு ‘முழு செட்’ என்று விற்பவர்களிடம் முன்பணம் கட்டிவிடாதீர்கள்

ஆபரேஷன் முடிந்து இன்று 19-ஆம் நாள். ஒருக்களித்துப் படுத்தபடி போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். 20 நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் எல்4, எல்5 என்ற இரண்டு எலும்புகளை ஸ்க்ரூவும் ராடும் வைத்து இணைத்திருக்கிறார்கள். குனியக் கூடாது, உடம்பை முறுக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அதற்கேற்ற மாதிரி வீட்டை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தத் தயாரிப்பில்தான் ஏமாந்தேன்.

மருத்துவச் சாதனங்கள் விற்கும் ஓர் இணையக் கடை. மோட்டாரில் ஏற்றி இறக்கும் கட்டில், கம்மோடு மேல் பொருத்தும் உயர இருக்கை, எலும்புகள் சீக்கிரம் ஒன்றாக ஒட்டிக் கூடுவதற்கு இடுப்பில் கட்டும் மின்கருவி, மூன்றும் ஒரே செட். விலை என் 2 மாதச் சம்பளம். முழுவதும் முன்பணம்.

நான் பல வருடம் சிகரெட் பிடித்தவன். புகைத்தால் எலும்பு கூடுவது தடைபடும் என்று சொன்னதால், ஆபரேஷனுக்கு 6 வாரம் முன்பே விட்டுவிட்டேன். ஆனாலும் கூடாமல் போய்விடுமோ என்ற பயம் தூங்க விடவில்லை. அந்த பயத்தோடுதான் கடைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாக எல்லாம் கேட்டார். “கவலைப்படாதீங்க சார், இந்த மெஷினைக் கட்டினா 6 வாரத்துல ஒட்டிடும். நீங்க ஆபரேஷனைப் பாருங்க, வீட்டை நாங்க பார்த்துக்கறோம்.” வீட்டில் எல்லாரும் கலங்கிப்போயிருந்த வாரம் அது. தைரியமாகப் பேசிய ஒரே குரல் அவருடையதுதான். போனை வைத்ததும் பணத்தை அனுப்பிவிட்டேன்.

4-ஆம் நாள் வீட்டுக்கு வந்தேன். கட்டில் இல்லை. பழைய கட்டில் தாழ்வானது. உடம்பை மரக்கட்டை மாதிரி ஒரே பக்கமாகப் புரட்டி எழ வேண்டும், இரண்டு பேர் பிடித்தால்தான் முடிந்தது. கேட்டால் “வண்டி கிளம்பிடுச்சு” என்றார்கள். மறுநாள் “அது வேற செக்‌ஷன் சார்”. அப்புறம் ஒரு புகார் எண், 48 மணி நேரம் பொறுங்கள். அந்தக் கெடு முடிந்த அன்று, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் என்று கேட்டு மெசேஜ்!

உயர இருக்கை வந்தது. உட்கார்ந்ததும் ஒரு பக்கம் சரிந்தது. தம்பி பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். உபயோகித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். கருவியைக் கட்டினால் தையல் பக்கம் எரிந்தது. “அது வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார்” என்றார்கள்.

தையல் பிரிக்கப் போனபோது அதை டாக்டரிடம் காட்டினேன். வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் சாதாரணக் கருவியாம். எலும்புக்கான கருவி வேறு, தேவைப்படுகிறவர்களுக்கு டாக்டரே எழுதிக் கொடுப்பார். எலும்பு முழுதாகக் கூட மாதக்கணக்கில் ஆகும், ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார். இதைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். செட்டைப் பிரித்துப் பணம் தர முடியாதாம், எல்லாவற்றையும் நானே நேரில் கொண்டுவந்து ஒப்படைத்தால் “பார்க்கலாம்” என்கிறார்கள். கனம் தூக்கக் கூடாதவனிடம்! 2 மாதச் சம்பளம் ஐயா, அதுவும் சம்பளமில்லாத விடுப்பில் படுத்திருக்கும்போது.

என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முதுகு விடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சாமான் பட்டியலை ஆஸ்பத்திரி ஃபிசியோவிடம் கேளுங்கள். இடுப்பு பெல்ட்கூட எல்லாருக்கும் தேவைப்படாது. கட்டிலை வாடகைக்கு எடுங்கள், வீட்டில் பொருத்திய பிறகு பணம் கொடுங்கள். கம்மோடு இருக்கையில் ஆபரேஷனுக்கு முன்பே உட்கார்ந்து பாருங்கள். காய்ச்சல், காயத்தில் கசிவு, கால் புதிதாக மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, இதில் எது வந்தாலும் கடைக்காரன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் எழுந்து நடக்க வேண்டிய நேரம். தம்பி வரவேண்டும். கட்டில் இன்னும் வரவில்லை.