பழமா, டின்னா, பாட்டிலா? இத்தாலியத் தக்காளி சாஸுக்கு எது சரி

இத்தாலியத் தக்காளி சாஸில் சேர்வதே நாலைந்து பொருள்தான். தக்காளி, ஆலிவ் எண்ணெய், பூண்டு அல்லது வெங்காயம், உப்பு, கடைசியில் நாலு பேசில் இலை. நம் குழம்பில் தக்காளி சப்பென்று இருந்தாலும் புளியும் மிளகாய்த்தூளும் காப்பாற்றிவிடும். இங்கே அப்படி எதுவும் இல்லை. தக்காளி சுமார் என்றால் சாஸும் சுமார்தான். அதனால் எந்தத் தக்காளி, எந்த வடிவில் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

புதிதாகப் பறித்த பழம்தான் எப்போதும் உசத்தி என்று பலரும் நினைக்கிறார்கள். இத்தாலியிலேயே வருஷம் முழுக்க அப்படிச் சமைப்பதில்லை. அங்கே வயலில் தக்காளி பழுப்பது ஜூலை முதல் செப்டம்பர் வரை. அந்த மாதங்களில் செர்ரித் தக்காளியோ, பேரீச்சம்பழ வடிவில் இருக்கும் தத்தெரினோவோ கிடைத்தால், இரண்டாக வெட்டிப் பூண்டு எண்ணெயில் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இறக்கிவிடலாம். அந்தப் புதுமணம் எந்த டின்னிலும் வராது. ஆனால் குளிர்காலச் சந்தைக்கு வரும் பழம் பெரும்பாலும் காயாகப் பறித்து வழியில் சிவந்தது. அதை எவ்வளவு நேரம் வதக்கினாலும் ருசி ஏறாது. வெசுவியஸ் எரிமலைச் சரிவில் விளையும் பியென்னோலோ இதற்கு விதிவிலக்கு. தோல் தடித்த அந்தச் சின்னத் தக்காளியைக் கொத்துக் கொத்தாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, குளிர்காலம் வரை எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

மற்ற மாதங்களுக்கு என் ஓட்டு பெலாட்டிக்கு. தோலுரித்த முழுத் தக்காளியைச் சாறோடு டின்னில் அடைத்து வருவதுதான் பெலாட்டி. செடியிலேயே பழுத்து, பறித்த கையோடு ஆலைக்குப் போன பழம் அது. டின்னைத் திறந்து அகலமான பாத்திரத்தில் கொட்டிக் கையாலேயே பிசைந்துவிடுங்கள். காம்புப் பக்கம் மஞ்சளாகக் கெட்டியாக இருந்தால் அதை மட்டும் கிள்ளி எறியுங்கள். மிக்ஸி வேண்டாம். காற்று கலந்து சிவப்பு போய் ஆரஞ்சு நிறம் வந்துவிடும், விதையும் நசுங்கிக் கசப்பு தட்டும். இத்தாலிய வீடுகளில் கைப்பிடி சுற்றும் சல்லடை ஆலை ஒன்று இருக்கும். தோல், விதை மேலே நிற்க, சதை மட்டும் கீழே இறங்கும்.

பெலாட்டியிலேயே எல்லோரும் சொல்லும் பெயர் சான் மர்சானோ. நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில், சார்னோ, நொச்செரா ஊர்களைச் சுற்றிய எரிமலை மண் சமவெளியில் விளைவது. நீளமாக, நுனி கூராக இருக்கும். சதை அதிகம், விதை குறைவு. கொடிபோல் உயர வளரும் செடி என்பதால் பழுக்கப் பழுக்கப் பல தடவை கையால் பறிக்க வேண்டும். விலை ஏறுவது இதனால்தான். 1996-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு டிஓபி என்ற பிறப்பிடப் பாதுகாப்பு முத்திரை கொடுத்தது. அந்த முத்திரையோடு முழுப் பழமாகவோ, நீளவாக்கில் பிளந்த துண்டாகவோதான் விற்கலாம். 'சான் மர்சானோ' என்று எழுதிய டின்னுக்குள் பொடியாக நறுக்கியதோ கூழோ இருந்தால் அது டிஓபி சரக்கு இல்லை.

அவ்வளவு காசு கொடுக்கத்தான் வேண்டுமா? இருபது நிமிஷத்தில் இறக்கும் எளிய சாஸுக்கு என்றால் கொடுக்கலாம். இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்பது நாக்கில் தெரியும். இறைச்சி போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கும் ராகூவுக்கு வேண்டாம், அந்த நுணுக்கமெல்லாம் கொதியிலேயே போய்விடும். தெற்கே புலியா மாநிலத்தின் ஃபோஜா பக்கம் விளையும் நீளத் தக்காளியில் செய்த சாதாரண பெலாட்டியே அதற்குத் தாராளம். எந்த டின் வாங்கினாலும் பொருள் பட்டியலைப் பாருங்கள். தக்காளி, தக்காளிச் சாறு, இவற்றோடு சிட்ரிக் அமிலம் இருந்தால் பரவாயில்லை. சதுரமாக நறுக்கிய தக்காளி டின்கள் பலவற்றில் கால்சியம் குளோரைடு இருக்கும். துண்டு உடையாமல் இருக்கச் சேர்ப்பது அது. உடைந்து கரைவதுதான் சாஸின் வேலையே, அதனால் இந்த வகையை நான் சாஸுக்கு எடுப்பதில்லை.

பாட்டிலில் வரும் பாசாட்டா வேறு ரகம். தோல், விதை நீக்கிச் சல்லடையில் இறக்கிய வழவழப்பான தக்காளி. இதை நேரடியாகப் புதுத் தக்காளியிலிருந்துதான் எடுக்க வேண்டும், கெட்டியாக வற்றவைத்த தக்காளி விழுதில் தண்ணீர் கலந்து பாசாட்டா என்று விற்கக்கூடாது என்று இத்தாலியில் 2005-இல் விதி வந்தது. தெற்கத்திக் குடும்பங்களில் இன்றும் ஆகஸ்டில் எல்லோரும் கூடி வருஷத்துக்கான பாசாட்டாவைப் பாட்டிலில் அடைத்துப் பெரிய அண்டாவில் வேகவைப்பார்கள். அடுக்கடுக்காக வைக்கும் பாஸ்தாவான லசான்யாவுக்கும், உருளைக்கிழங்கு மாவு உருண்டையான ஞோக்கிக்கும் இதுதான் பொருத்தம். ஸ்பகெட்டிக்கு நான் பெலாட்டியையே எடுப்பேன். அங்கங்கே தட்டுப்படும் தக்காளித் துண்டு பாசாட்டாவில் கிடைக்காது.

அப்புறம் விழுது. இரட்டைச் செறிவு என்றால் குறைந்தது 28 சதவீதம் திடப்பொருள், மூன்று மடங்குச் செறிவு என்றால் 36. இதை மட்டுமே தண்ணீரில் கரைத்துச் சாஸ் வைத்தால் காய்ந்த ருசிதான் வரும். ஒரு ஸ்பூன் எடுத்து எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, பிறகு தக்காளியை ஊற்றினால் சாஸுக்குக் கனம் கிடைக்கும். சிசிலியில் தக்காளிக் கூழை மரப்பலகையில் பரப்பி வெயிலில் காயவைத்து எடுக்கும் விழுது இன்னும் அடர்த்தி.

தக்காளியை முடிவு செய்துவிட்டால் பூண்டா வெங்காயமா என்பது தானாகவே முடிவாகிவிடும். இரண்டையும் சேர்த்துப் போடுவது நம் கைப்பழக்கம். இந்த எளிய சாஸில் இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அமுக்கிவிடும். பெலாட்டிக்கும் புதுப் பழத்துக்கும் பூண்டு. நசுக்கிய பல் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிடலாம், கருகினால் முழுச் சாஸும் கசக்கும். பாசாட்டாவுக்கு வெங்காயம். மெல்லிய தீயில் நிறம் மாறாமல் குழைய வதக்கினால் அதன் இனிப்பு தக்காளியின் புளிப்பை ஆற்றும். கேரட்டும் செலரியும் சேர்த்தால் கனமான சாஸாகிவிடும், எனக்கு அது இறைச்சிச் சாஸில்தான் பிடிக்கும். புளிப்பு மீறினால் ஒரு சிட்டிகை சர்க்கரை போதும். சமையல் சோடா வேண்டாம், புளிப்பை அடியோடு எடுத்துவிடும்.

சாஸ் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து சிவப்பாக மின்ன ஆரம்பித்தால் பதம் வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் பேசிலைக் கையால் கிள்ளிப் போடுங்கள். நம்மூர்த் திருநீற்றுப்பச்சிலையும் அதே இனம்தான், ஆனால் வாசம் வேறு, பதிலுக்குப் போட முடியாது. காய்ந்த பேசிலில் மணமே இருக்காது. காயவைத்தாலும் மணம் நிற்பது ஒரிகானோ. அதன் இடம் சீஸ் இல்லாத மரினாரா பீட்சாவும், தக்காளிச் சாஸில் வேகும் பீட்சயோலா இறைச்சியும்.

பீட்சாவுக்குச் சாஸைச் சமைக்கவே வேண்டாம். நேப்பிள்ஸில் பெலாட்டியைப் பிசைந்து உப்புப் போட்டு அப்படியே மாவில் தடவுகிறார்கள். அந்த விறகடுப்பின் சூட்டில் 60 முதல் 90 விநாடிக்குள் பீட்சா வெந்துவிடும், தக்காளி புதுமணம் மாறாமல் இருக்கும். முன்பே சமைத்த சாஸைத் தடவினால் அடுப்பில் இரண்டாம் முறை வெந்து ஜாம் போல் ஆகிவிடும்.

டின்னுக்குச் செலவு செய்ய மனமில்லாதவர்கள் நம் கடைத் தக்காளியிலும் வைக்கலாம். நாட்டுத் தக்காளியில் சாறும் புளிப்பும் அதிகம், சதை குறைவு. சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளியில் நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து வாங்கி, கொதிநீரில் முக்கித் தோலை உரித்துக்கொள்ளுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பை மட்டும் வழித்துக் கொட்டிவிடாதீர்கள். நாக்குக்கு நிறைவான ருசி தரும் குளுட்டமேட் சதையைவிட அதில்தான் அதிகம். இந்தப் பழத்தோடு ஒரு ஸ்பூன் விழுதை வதக்கிச் சேர்த்தால், மலிவான நறுக்கிய டின்னைவிட நல்ல சாஸ் கிடைக்கும்.