264 மில்லிமீட்டர் ஏமாற்று: ஐசிஎஃப் மாடல் ரயில் பெட்டி வாங்கப் போகிறவர்கள் பார்வைக்கு

பணம் போனது 26,000 ரூபாய். திரும்பி வந்தது 4,000. இந்தப் பதிவை மூன்று மாதமாக எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டேன், ஏமாந்த கதையைச் சொல்ல யாருக்குத்தான் பிடிக்கும். போன வாரம் அதே ஆள் அதே படத்தோடு இன்னொரு குழுவில் விற்க வந்திருப்பதைப் பார்த்த பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

நான் வில்லிவாக்கம். அப்பா ஐசிஎஃப்பில், அதாவது பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், பெட்டியின் வெளிக்கூடு கட்டும் ஷெல் பிரிவில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரி நாட்களில் நெல்லை எக்ஸ்பிரஸில் எத்தனையோ தடவை போய் வந்த நீல ஸ்லீப்பர் பெட்டி, அது எங்கள் அப்பா வேலையில் கட்டிய பெட்டியும்கூட. அதை எச்.ஓ என்ற மாடல் ரயில் அளவில், அதாவது நிஜத்தில் 87ல் ஒரு பங்காக (1:87), ஐந்து பெட்டித் தொடராக ஓடவிட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், ஐரோப்பிய ரயில் என்றால் எந்தக் காலத்துப் பெட்டி வேண்டுமானாலும் காசு கொடுத்தால் கிடைக்கும். நம் ரயில் என்றால் தனி ஆட்கள் வீட்டில் செய்து விற்பதைத்தான் பெரும்பாலும் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் ஓட்டை விழுந்தது.

வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர் படம் போட்டார். வெளிமாநிலத்தில் இருக்கிறார், தமிழ் நன்றாகப் பேசுவார். நீல ஸ்லீப்பர், ஜன்னல் கம்பிகள்கூட ஒவ்வொன்றாகத் தெரிகிற அழகு. "நூறு சதவீதம் ஸ்கேல் அண்ணா, போகி வரைக்கும் அக்யூரேட்" என்றார். பெட்டி ஒன்றுக்கு 5,200. பாதிப் பணம் முன்பணம், அனுப்பும் முன் மீதி.

இந்த "போகி" என்ற சொல்லிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். நம் ஊரில் முழுப் பெட்டியையே போகி என்கிறோம். இந்தப் பொழுதுபோக்கில் போகி என்றால் பெட்டிக்கு அடியில் இருக்கும் நாலு சக்கர வண்டி மட்டும். பிறகு சண்டை வந்தபோது அவர் இந்த இரண்டு அர்த்தத்துக்கும் நடுவில் வசதியாக நுழைந்து வெளியே வந்தார். "நான் பெட்டியைத்தான் சொன்னேன் சார், அடியில இருக்கறதச் சொல்லல."

இரண்டு மாதம் என்றது ஏழு மாதம் ஆனது. பெயின்ட் காயவில்லை, டீக்கல் (பெட்டியில் ஒட்டும் எழுத்து ஸ்டிக்கர்) வரவில்லை, மாமனார் ஆஸ்பத்திரியில். மே மாதம், அக்னி நட்சத்திரம் நடுவில், மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு பார்சல் அனுப்பினார்.

பிரித்தேன். இரண்டு பெட்டி பளபளப்பாக, கனமாக, சக்கரம் நன்றாக உருள்கிற மாதிரி இருந்தது. மூன்று பெட்டி வேறு ஜாதி. முதலில் அந்தப் பளபளப்பு இரண்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உண்மையான வித்தை அதில்தான் இருக்கிறது.

மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். உயரம் சரி. நீளம் சரி போலத்தான் தெரிந்தது. நீல நிறம், ஜன்னல் மட்டத்தில் வெளிர்நீலப் பட்டை, எல்லாம் சரி. ஆனால் எங்கேயோ இடித்தது. அப்பா வந்து கையில் எடுத்தார், திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தார்.

"எண்ட்வால் ஒல்லியா இருக்கேடா. இது நம்ம பெட்டி இல்ல."

முப்பது வருஷம் ஜிக் என்ற பிடிசட்டத்தில் எண்ட்வாலை (முனைச் சுவரை) சைட்வாலோடு சேர்த்த கண். நான் அதற்குப் பிறகுதான் வெர்னியர் அளவுகோலை எடுத்தேன்.

ஐசிஎஃப் பெட்டியின் அகலம் 3,245 மில்லி. 87ஆல் வகுத்தால் 37.3. என் கையில் இருந்தது 32.5. கிட்டத்தட்ட 5 மில்லி குறைவு. நிஜப் பெட்டியில் இது 40 சென்டிமீட்டருக்கு மேல். சைடு லோயர் பெர்த்தையே கழற்றி வைத்துவிட்ட மாதிரி.

இந்த 32.5 எங்கிருந்து வந்தது என்று தேடியபோது முடிச்சு அவிழ்ந்தது. ஐரோப்பாவில் 1950களிலிருந்து ஓடிய 26.4 மீட்டர் பெட்டிகள் உண்டு. ஜெர்மனியின் இரண்டாம் வகுப்புப் பெட்டி, ஒரு பக்கம் நடைபாதை, மறு பக்கம் 12 அறைகள். அதன் அகலம் 2,825 மில்லி, அதாவது எச்.ஓவில் 32.5. சரியான நீளம் போட்டால் 303 மில்லி வர வேண்டும். ஆனால் அந்தக் காலத்துப் பொம்மை ரயில் தண்டவாளத்தின் வளைவு 360 மில்லி ஆரம்தான். அதில் அவ்வளவு நீளப் பெட்டி திரும்பும்போது பார்க்க நன்றாக இருக்காது என்று பல கம்பெனிகள் நீளத்தை மட்டும் 1:100க்குச் சுருக்கிவிட்டன. உயரமும் அகலமும் 1:87, நீளம் மட்டும் 1:100. விளைவு 264 மில்லி.

நம் ஐசிஎஃப் பெட்டி, இரு முனையிலும் உள்ள பஃபர் என்ற மோதல் தாங்கியோடு சேர்த்து, 22,297 மில்லி. எச்.ஓவில் 256. பார்த்தீர்களா? சுருக்கப்பட்ட ஜெர்மன் பெட்டியும் நம் பெட்டியும் பக்கவாட்டில் நின்றால் வெறும் 8 மில்லிதான் வித்தியாசம். உயரமோ கிட்டத்தட்ட ஒன்றேதான். பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் அந்தப் பெட்டிக்கு நீல பெயின்ட் அடித்துப் பக்கவாட்டில் படம் எடுத்தால் போதும். அவர் எனக்கு அனுப்பிய படம் அத்தனையும் பக்கவாட்டுப் படம்தான். ஒன்றிலாவது முன்முகம் தெரிந்ததா என்று இப்போது மறுபடி பார்த்தேன், ஒன்றிலும் இல்லை.

மீதி எல்லாம் அப்புறம் கண்ணில் பட்டவை. ஐசிஎஃப் போகியின் இரண்டு அச்சுகளுக்கு நடுவே 2,896 மில்லி, அதாவது எச்.ஓவில் 33.3. என்னிடம் வந்தது 28.7. அது 2,500 மில்லி அச்சு இடைவெளி கொண்ட ஜெர்மன் மிண்டன்-டாய்ட்ஸ் போகி, ஐசிஎஃப் போகியின் அந்த ஸ்பிரிங் அமைப்பின் சாயல்கூடக் கிடையாது. இரண்டு போகிகளின் மையங்களுக்கு நடுவே நமக்கு 170 வர வேண்டும், இதில் 190. ஸ்லீப்பர் என்றால் 9 தடுப்பு, 72 பெர்த், சின்னச் சின்ன ஜன்னல்கள். இதில் ஒரு பக்கம் 12 பெரிய ஜன்னல், அதன் மேல் கம்பியைப் படமாக அச்சடித்து ஒட்டியிருந்தார். அடிப்பக்கம் கம்பெனி பெயர் இருந்த இடம் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டிருந்தது.

டீக்கலைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டி எண் 19ல் ஆரம்பித்தது. ஐந்து இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வருஷம் என்பது பிளாட்பாரத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பெரம்பூரில் பழைய வடிவப் பெட்டி கட்டுவதை 2018 ஜனவரியிலேயே நிறுத்தி எல்எச்பி என்ற புதிய வடிவப் பெட்டிக்கு மாறிவிட்டார்கள். கடைசிப் பெட்டி வெளியே போன கதையை அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பலகையில் "சென்னை எழும்பூர்" என்று இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வந்து நின்றது. தமிழ் எழுத்துரு தெரியாத மென்பொருளில் அடித்து, ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்காமல் ஒட்டியிருக்கிறார். பணம் போனதைவிட அந்தப் பலகைதான் எனக்கு அதிகக் கோபம் வரவைத்தது.

மற்ற மூன்று பெட்டிகள் 3டி பிரின்ட். வேடிக்கை என்னவென்றால் அவற்றில் அகலம் சரியாகவே இருந்தது. ஆனால் கூரை முழுக்க வரி வரியாகப் படிக்கட்டு. அந்தப் பிரின்டுக்குப் போட்ட பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். மே மாத வெயிலில் மூடிய கூரியர் வண்டிக்குள் கிடந்ததில் இரண்டு பெட்டியின் கூரை வாழைப்பழமாக வளைந்துவிட்டது. எடை 62 கிராம். அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி இந்த நீளத்துக்கு 170 கிராமாவது இருக்க வேண்டும். கிளைத் தண்டவாளத்தில் ஏற்றினேன், இறங்கிப் படுத்துக்கொண்டது.

படம் அனுப்பிக் கேட்டேன். முதல் பதில் சுவாரசியமானது. "ஐசிஎஃப் டிசைனே சுவிஸ்தானே அண்ணா, ஐரோப்பாப் பெட்டி மாதிரித்தான் இருக்கும்." சூரிச் பக்கத்தில் ஷ்லீரன் என்ற ஊரின் கம்பெனியிடமிருந்து வாங்கிய வடிவம் என்பது உண்மைதான். 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு வந்து தொடங்கிவைத்த தொழிற்சாலை அந்த வடிவத்தில்தான் ஆரம்பித்தது. ஆனால் நம் அகல ரயில் பாதை 1,676 மில்லி, அவர்களுடையது 1,435. பாதை அகலமானால் பெட்டியும் அகலமாகும், அதற்குத்தானே அகலப் பாதை. (எச்.ஓ தண்டவாளம் 16.5 மில்லிதான், நம் பாதைக்கு 19.3 வேண்டும் என்பது தனிச் சோகம். அது நாம் எல்லோரும் தெரிந்தே செய்துகொள்ளும் சமரசம், விற்பவர் மறைத்துச் செய்வது அல்ல.)

வெர்னியர் படம் அனுப்பிய அன்று "அண்ணா" போய் "சார்" வந்தது. நுகர்வோர் உதவி எண் 1915ல் பதிந்திருக்கிறேன் என்றதும் 4,000 ரூபாய் போட்டுவிட்டு, "செட்டில் ப்ரோ" என்று ஒரு செய்தி. பிறகு பிளாக்.

வழக்கறிஞர் நண்பர் சொன்னது உங்களுக்கும் உதவலாம். 2019 சட்டப்படி வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், இந்தச் சின்னத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் நோட்டீஸ் அனுப்ப எதிராளியின் முகவரி வேண்டுமே. பார்சலில் இருந்தது கூரியர் கிளையின் முகவரி. யுபிஐயில் பணம் போனது வேறு ஒரு பெண் பெயரில் இருந்த கணக்குக்கு. பில் கிடையாது. நான் கேட்கவும் இல்லை. "ஹாபி ஆளு, அவங்கிட்டப் போய் பில் கேட்கறதா" என்ற கூச்சம். இந்தக் கூச்சத்தின் விலைதான் 22,000.

படத்தின் கதை தனி. அதே படத்தை இன்னொரு குழுவில் போட்டு, இதை வாங்கினவர் யாராவது உண்டா என்று கேட்டேன். அரை மணியில் பெங்களூரிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் போட்டோல பின்னாடி தெரியறது என் வீட்டு ஜன்னல் கம்பி. அந்தப் பெட்டி என் அலமாரில இருக்கு. நான் விற்கறதே இல்ல."

ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் ஜன்னல் ஜன்னலாக அறுத்து, தான் ஒரு வருஷம் உட்கார்ந்து கட்டிய பெட்டி என்றார். அவர்தான் எனக்கு எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொன்னார். முன்முகத்துக்கு நேராக ஒரு படம், பெட்டியின் இடுப்பு மட்டத்தில் வெர்னியர் வைத்து, திரையில் எண் தெரிய. ஐசிஎஃப் என்றால் 37 மில்லிக்கு மேல் காட்ட வேண்டும். எல்எச்பி என்றாலும் அகலம் ஏறக்குறைய அதேதான், அதனால் "இது எல்எச்பி" என்று தப்பிக்க முடியாது. கூடவே அடிப்பக்கப் படம், போகியின் அச்சு இடைவெளியோடு. ஐசிஎஃபுக்கு 33, எல்எச்பிக்கு 29. நிஜமாகவே கட்டுகிற ஆள் இதைக் கேட்டால் சந்தோஷப்பட்டு நாலு படம் அதிகமாக அனுப்புவார், ஏனென்றால் அவர் ராத்திரி கண் விழித்தது அந்த அளவுகளுக்காகத்தான். கோபப்படுகிறவரிடம் வாங்காதீர்கள். ஐந்து பெட்டி வேண்டுமென்றாலும் முதலில் ஒன்றுக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

நான் இப்போது அவர் சொல்லிக்கொடுத்தபடி அரை மில்லி ஸ்டைரீனில் ஒரு பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். நாலு மாதம் ஆகிறது, ஒரு சைட்வால் முடிந்திருக்கிறது. ஜன்னல் வரிசை ஏழாவதிலிருந்து லேசாக மேலே ஏறுகிறது, அப்பா தினமும் அதைச் சுட்டிக்காட்டுகிறார். அந்த ஜெர்மன் பெட்டிகளை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துத் தேய்த்தேன். நீலம் கரைந்து அடியிலிருந்து அசல் பச்சை வந்தது. பச்சையில் பார்த்தால் நல்ல பெட்டிதான், பாவம்.

அந்தப் படம் இப்போது ஜன்னல் கம்பி தெரியாதபடி வெட்டப்பட்டு, வேறு பெயரில், இரண்டு பெட்டி 9,000 என்று சுற்றுகிறது. வலது ஓரத்தில் மேசை விளிம்பில் பிறை மாதிரி ஒரு கீறல் இருக்கும், அதை வெட்ட மறந்துவிட்டார். கீறலைப் பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள், நாலு பேர் சேர்ந்தால் முகவரியைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்கிறார் அந்த வழக்கறிஞர் நண்பர்.