சொட்கனுக்கு எந்தப் பயிற்சித் தோட்டா? வன்னி வயற்காவலுக்கான ஒரு மதிப்பீடு

பயிர்க் காவலுக்காக அனுமதிப்பத்திரத்துடன் 12 போர் (போர் என்பது குழலின் உள்விட்ட அளவு) சொட்கன் வைத்திருக்கும் விவசாயிகளை நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய் என வன்னியின் காட்டோரக் கிராமங்களில் காணலாம். காலபோக நெல் குடலைப் பருவத்தை அடைந்தது முதல் அறுவடை முடியும் வரை காட்டுப் பன்றிக்குக் காவல் இருக்கவேண்டிய இவர்களுக்குக் குறிபார்க்கும் திறனைக் காட்டிலும் முதன்மையாக வேண்டியது, கண்ணால் பாராமல் தோட்டாவைக் குழலில் இடவும் எடுக்கவும் தெரிந்த கை என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பழக்கம் இல்லாதவர், பன்றி வந்தபின் தடுமாற நேருமே என்று அஞ்சி, தோட்டா இட்ட துவக்குடனேயே இரவு முழுவதும் வழுக்கும் வரம்பில் நடக்கிறார். முள்வேலியையும் அப்படியே கடக்கிறார். பழகிய கையுடையவர் துவக்கைக் கீலில் மடித்துத் திறந்தபடி, குழல் வெறுமையாக இருக்க, அச்சமின்றி நடந்துசென்று தேவைப்படும் கணத்தில் மட்டும் தோட்டாவை இடுகிறார்.

இந்தப் பழக்கத்தை வீட்டில் உண்மைத் தோட்டாவை வைத்துப் பெற முயல்வது எந்த நிலையிலும் கூடாது. அதற்கென்றே வெடிமருந்தும் சன்னமும் (தோட்டாவினுள் உள்ள சிறு குண்டுமணிகள்) இல்லாத பயிற்சித் தோட்டாக்கள் செய்யப்படுகின்றன. அனுமதி பெற்ற விற்பனையாளர் ஒருவர் ஊடாகப் பெற்ற பிளாஸ்ரிக் வகையையும் அலுமினிய வகையையும், நம்மவர் சிலர் சுட்டு முடிந்த வெற்றுக் கோதில் (தோட்டாவின் வெளியுறையில்) தாமே செய்துகொள்ளும் வகையையும் என் ஒற்றைக்குழல் துவக்கில் இட்டு எடுத்துப் பார்த்தேன். அயலில் அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் தமது பம்ப் சொட்கனில் (முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) அவற்றை இயக்கிக் காட்டினார். கீழே கூறுபவை அந்த ஒப்பீட்டின் முடிவுகள்.

முதலில் நீளத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனெனில் வாங்குவோர் பெரிதும் குழம்புவது இங்கேதான். குழலின் அடிப்பக்கத்தில் 65, 70 அல்லது 76 மில்லிமீற்றர் என, அல்லது அதற்கு ஈடான அங்குலத்தில் இரண்டரை, இரண்டே முக்கால், மூன்று என, தோட்டா அமரும் அறையின் நீளம் பொறிக்கப்பட்டிருக்கும். தோட்டாவின் பெட்டியில் உள்ள அதே எண், சுட்டு முடிந்து வாய் விரிந்த கோதின் நீளத்தைக் குறிக்கிறது. வாய் மடித்து மூடப்பட்ட, சுடாத 70 மில்லிமீற்றர் தோட்டாவை அளந்தால் அது ஏறத்தாழ 58 மில்லிமீற்றரே இருக்கும். ஆகவே ஒரு பயிற்சித் தோட்டா முழு 70 மில்லிமீற்றர் நீளத்துக்குச் செய்யப்பட்டிருந்தால், அது அறையில் சரியாக அமர்ந்தாலும், இடுப்புப் பையிலிருந்து எடுத்து, விரலால் திருப்பி, அறை வாயில் வைக்கும் அந்த அசைவைக் கைக்குத் தவறாகவே கற்பிக்கும். ஒற்றைக்குழலில் இது சிறு குறை. பம்ப் துவக்கிலோ குழாய் மகசீனுக்குள் (குழலின் கீழே தோட்டாக்களை அடுக்கி வைக்கும் குழாய்) செல்லும் எண்ணிக்கையும், உள்ளிருந்து தூக்கப்படும் விதமும் நீளத்தோடு மாறுவதால் பயிற்சியே பொருளற்றுப் போகிறது. வாங்கும்போது நீங்கள் வழக்கமாகப் பாவிக்கும் தோட்டா ஒன்றின் அளவைக் குறித்துச் சென்று, அதற்கு மிக நெருங்கியதைக் கேளுங்கள்.

அடுத்தது எடை. 32 கிராம் சன்னம் கொண்ட ஒரு 12 போர் தோட்டாவின் மொத்த எடை 45 கிராமுக்கு அண்மையாக இருக்கும். உட்குடைவான பிளாஸ்ரிக் பயிற்சித் தோட்டா அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. இந்த வேறுபாடு சிறிதெனத் தோன்றினாலும் கை அதை உடனே உணர்கிறது. உண்மைத் தோட்டாவை அறை வாயில் வைத்துவிட்டால் தன் எடையாலேயே அது வழுக்கி உள்ளே இறங்கும். பிளாஸ்ரிக் தோட்டாவைப் பெருவிரலால் அழுத்தி இறக்கவேண்டியிருக்கிறது. அழுத்திப் பழகிய பெருவிரல் துவக்கை மூடும் நேரத்திலும் குழலின் வாயருகே நிற்கும், அங்கே நசுங்கும். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.7 கிராம் என்பதால், பெரும்பகுதி திடமாகக் கடைந்த அலுமினியத் தோட்டா உண்மை எடைக்கு இயல்பாகவே நெருங்கிவருகிறது. நான் பார்த்தவற்றுள் இடும் உணர்விலும் எடுக்கும் உணர்விலும் உண்மைத் தோட்டாவுக்கு இணையாக நின்றது அது மட்டுமே.

பிளாஸ்ரிக் வகையின் பெருங்குறை விளிம்பில் இருக்கிறது. துவக்கைத் திறக்கும்போது தோட்டாவைச் சற்று வெளியே தூக்கித் தரும் உறுப்பு அடிவிளிம்பைப் பற்றியே இயங்குகிறது; பம்ப் துவக்கில் அந்த விளிம்பை ஒரு கொக்கி வலுவாக இழுத்து வெளியே எறிகிறது. உலோக விளிம்பு இதைத் தாங்கும். பிளாஸ்ரிக் விளிம்பு நாளடைவில் கடிபட்டு, பிசிறு கிளம்பி, ஒருநாள் கொக்கி வழுக்கத் தோட்டா அறைக்குள்ளேயே தங்கிவிடும். அதைக் கம்பியால் முன்புறமிருந்து தள்ளி எடுக்கலாம் என்றாலும், அறைக்குள் எதுவோ இருக்க அதை வெளியே எடுக்க முடியாத துவக்கு வீட்டில் இருப்பது நல்லதன்று. பிளாஸ்ரிக்கில்தான் வாங்க முடியும் என்றால், அடிப்பகுதிக்குப் பித்தளை அல்லது எஃகு வளையம் இடப்பட்டதையே வாங்குங்கள்.

விசையை இழுத்தும் பழக விரும்புவோர் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். பயிற்சித் தோட்டா என்று விற்கப்படும் எல்லாம் ஊசியின் (விசையை இழுத்ததும் தோட்டாவின் அடித்தட்டில் மோதும் உறுப்பு) தாக்குதலை ஏற்கச் செய்யப்பட்டவை அல்ல. சில, இடுவதற்கும் எடுப்பதற்கும் மட்டுமே உரியவை. அவற்றின் அடி நடுவில் வெறும் பள்ளமோ கடினமான உலோகமோ இருக்கும். வேறு சிலவற்றில் அந்த இடத்தில் இறப்பர் அல்லது வில்லின் மேல் அமர்ந்த பித்தளைப் பொத்தான் இருந்து அடியை மெதுவாக வாங்கிக்கொள்கிறது. நம்மிடையே உள்ள துவக்குகளில் பல பழையவை, குதிரை (ஊசியை அடிக்கும் சுத்தியல் போன்ற உறுப்பு) வெளியே தெரிபவை. அவற்றின் ஊசி முறிந்தால் அதே அளவில் மாற்றூசி கிடைப்பது எளிதன்று. ஆகவே வில் வைத்த பொத்தானையே நான் விரும்புகிறேன். தகரக் கூரை வீட்டின் வெக்கையில் இறப்பர் நாளடைவில் இறுகிவிடும், வில்லுக்கு அந்தக் கவலை இல்லை.

இவை யாவற்றையும்விட, உண்மைத் தோட்டாவுடன் மாறிப்போகாத தன்மையே ஒரு பயிற்சித் தோட்டாவின் தலையாய தகுதி. கடையில் வரும் உண்மைத் தோட்டாக்கள் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு எனப் பல நிறங்களில் வருவதால், நிறத்தை மட்டும் நம்பும் ஏற்பாடு பகலிலேயே போதாது, இரவில் அறவே பயனில்லை. விரல் அறியும் வேறுபாடு வேண்டும். அலுமினியத் தோட்டா அடிமுதல் நுனிவரை உலோகமாக இருப்பதால் தொட்டவுடன் குளிர்ச்சியும் வழுவழுப்பும் தெரிகிறது. நுனியில் மடிப்பு இல்லை. உண்மைத் தோட்டாவில் அடிப்பகுதிதான் உலோகம், மேலே பிளாஸ்ரிக், நுனியில் நட்சத்திர மடிப்பு அல்லது சுருட்டிய விளிம்பு. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடிகிறதா என்று வாங்குமுன் கடைக்காரர் முன்னிலையிலேயே பார்த்துவிடுங்கள்.

மஞ்சள் நிறப் பயிற்சித் தோட்டாவை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மஞ்சள், நெடுங்கால வழக்கப்படி, 20 போர் தோட்டாவுக்கு உரிய நிறம். 20 போர் தோட்டாவை 12 போர் குழலில் இட்டால் அது அறையைத் தாண்டி வழுக்கிச்சென்று குழலுக்குள் சிக்கி நிற்கும். அதன் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவும் தடையின்றி அமரும். சுட்டால் குழல் வெடிக்கும். தவறாக வாங்கிய 20 போர் பயிற்சித் தோட்டாவும் அதே இடத்தில் அதே அடைப்பாகவே நிற்கும், அதில் மருந்து இல்லை என்பது சுடுபவரைக் காப்பாற்றாது. எனவே போர் அளவை அடித்தட்டில் வாசித்து உறுதிசெய்யாமல் எதையும் வீட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டாம்.

வெற்றுக் கோதில் மணலோ அரிசியோ நிரப்பி, மெழுகால் வாயை அடைத்துச் செய்யும் தோட்டாவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். செலவில்லை என்பதும் எடை சரியாக வருகிறது என்பதும் உண்மை. ஆனால் சுடப்பட்ட கோது வெடிப்பின் அழுத்தத்தில் சற்றுப் பருத்திருப்பதால் அறையில் இறுகும்; வாய் விரிந்திருப்பதால் நீளமும் கூடும்; ஊசி பட்ட இடத்தில் ஏற்கெனவே பள்ளம் இருப்பதால் விசைப் பயிற்சிக்கும் உதவாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது உண்மைத் தோட்டாவின் அதே நிறமும் அதே எழுத்தும் உடையது. பக்கவாட்டில் துளையிட்டு அடையாளம் செய்வோர் உண்டு. வயலில் இருந்து வந்த ஈரக் கைக்கும் மண் அப்பிய விரலுக்கும் அந்தத் துளை தெரியாது. இதை நான் முற்றாக மறுக்கிறேன்.

பிள்ளைகளை எண்ணும்போது இந்த மறுப்பு இன்னும் வலுப்பெறுகிறது. கண்ணிவெடியும் வெடிக்காத குண்டும் புதைந்து கிடந்த மண் இது. கீழே கிடக்கும் அறியாத உலோகப் பொருளைத் தொடாதே, பெரியவரிடம் சொல் என்று நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் ஊரிலும் பாடுபட்டுக் கற்பித்திருக்கிறார்கள். அந்த வீட்டிலேயே தோட்டா போன்ற ஒரு பொருள் மேசையில் உருண்டு கிடந்தால், அது ஒன்றும் செய்யாது என்று தகப்பனே சொல்லக் கேட்டால், அத்தனை பாடமும் அழிந்துபோகும். பயிற்சித் தோட்டா எத்துணை தரமானதாயினும் பிள்ளையின் கைக்குப் போகக்கூடாது. பயிற்சி முடிந்ததும் எண்ணிப் பூட்டவேண்டும். உண்மைத் தோட்டா வைக்கும் பெட்டியில் அதை வைக்கலாகாது, இடுப்புப் பையிலும் சேர்க்கலாகாது. பயிற்சி செய்யும் அறைக்குள் உண்மைத் தோட்டா ஒன்றுமே இருக்கக்கூடாது என்பதும், துவக்கைக் கையில் எடுத்தவுடன் திறந்து அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்தபின்பே தொடங்கவேண்டும் என்பதும், குழல் ஆளிருக்கும் பக்கம் திரும்பலாகாது என்பதும் எல்லோரும் அறிந்தவை. அறிந்தும் வீட்டுக்குள் தளர்த்தப்படுபவை.

எத்தனை வாங்குவது என்பது துவக்கைப் பொறுத்தது. ஒற்றைக்குழலுக்கும் இரட்டைக்குழலுக்கும் இரண்டு போதும். பம்ப் துவக்குக்குக் குறைந்தது நான்கு வேண்டும், ஏனெனில் மகசீன் நிறைய நிறைய வில்லின் எதிர்ப்புக் கூடுகிறது, கடைசித் தோட்டாவை உள்ளே தள்ளும் பெருவிரலுக்குத்தான் உண்மையான பழக்கம் தேவை. அலுமினியத்தின் விலை பிளாஸ்ரிக்கைவிடக் கூடுதல்தான். ஆயினும் ஒற்றைக்குழல் வைத்திருப்பவர் நல்ல அலுமினியத் தோட்டா இரண்டை வாங்கினால் நெடுங்காலத்துக்கு வேறு வாங்கவேண்டியதில்லை. மேற்பூச்சு தேயுமே தவிர விளிம்பு தேய்வதில்லை. செம்மண் தூசு ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தபின் இடுங்கள், இல்லையேல் அறையின் சுவரில் கீறல் விழும்.

பிள்ளைகளுக்கு மட்டுமன்றி வீட்டுப் பெரியவர்களுக்கும் பொருந்தும் ஒன்றையும் சொல்லவேண்டும். துவக்கு எவர் பெயரில் உள்ளதோ அவரே பயிற்சியையும் செய்யவேண்டும். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அனுமதி அந்த ஒருவருக்கே உரியது. தோட்டாவின் உருவமுள்ள எதையும் வெளிநாட்டு உறவினர் ஊடாகவோ இணையக் கடை ஊடாகவோ தருவிக்க நினைப்பவர், பணம் செலுத்துமுன் தம் பகுதிப் பொலிஸ் நிலையத்திலும் அனுமதி பெற்ற விற்பனையாளரிடமும் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். விமான நிலையத்தில் பயணப்பொதியைப் பரிசோதிப்பவருக்கு ஊடுகதிர்ப் படத்தில் தெரிவது ஒரு தோட்டாவின் வடிவம் மட்டுமே.