இரண்டு மாதக் கோடை ஆய்வு: மேக்ரோஃபேஜா, உருளைப்புழுவா, மெழுகுப்புழுவா?

மதுரைக் கல்லூரிகளில் மைக்ரோபயாலஜியோ பயோடெக்கோ படிக்கும் பிள்ளைகளில் சிலருக்கு, பாக்டீரியாவும் உடலின் எதிர்ப்பு சக்தியும் மோதுவதை விடுமுறையில் நேரில் பார்க்க ஆசை. எதை வைத்துப் பார்ப்பது? எலியை விட்டுவிடுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வருவதற்குள் கல்லூரி திறந்துவிடும். மிஞ்சுவது மூன்று.

எல்லோருக்கும் முதலில் கண் போவது, கிருமியை விழுங்கும் எதிர்ப்புச் செல்லான மேக்ரோஃபேஜ் மேல்தான். எலியிலிருந்து வந்த ரா 264.7 செல் லைனைத்தான் (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல் வகை) பெரும்பாலும் தருவார்கள். சால்மோனெல்லா பாக்டீரியாவைச் சேர்த்து, கொஞ்ச நேரம் கழித்து ஜெண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் விட்டால் வெளியே நிற்கும் பாக்டீரியா செத்துவிடும். மருந்து செல்லுக்குள் எளிதில் நுழையாததால் விழுங்கப்பட்டவை தப்பிக்கும். அப்புறம் செல்லை உடைத்து, பாக்டீரியா வளரும் அகார் ஜெல்லியில் பரப்பிக் காலனிகளை எண்ண வேண்டியதுதான். 2 மணி நேரத்து எண்ணிக்கையை 24 மணி நேரத்து எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் கை ஓங்கியது யாருக்கென்று தெரிந்துவிடும். இவ்வளவு நேரான பதில் மற்ற இரண்டிலும் கிடைக்காது.

ஆனால் 37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு, விலை கூடிய கன்றுச் சீரம் எல்லாம் வேண்டும். புதுக் கை பட்டால் முதலில் வளர்வது பூஞ்சைதான். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா இன்னும் மோசம்: செல் வளரும் திரவம் கலங்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, முடிவை மட்டும் கெடுக்கும். செல்லுக்கு விடுமுறையும் கிடையாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் தாண்டி எப்படிப் போவீர்கள் என்பது அதன் கவலையில்லை.

சி. எலிகன்ஸ் உருளைப்புழு ஒரு மில்லிமீட்டர்தான். 20 டிகிரியில் சுமார் மூன்றே நாளில் வளர்ந்துவிடும். வழக்கமாகத் தின்னும் ஈ. கோலை பாக்டீரியாவுக்குப் பதில், நோய் தரும் சூடோமோனாஸ் பாக்டீரியாவைத் தட்டில் பரப்பினால் சில நாளில் சாகத் தொடங்கும். கிருமியை எதிர்க்க உதவும் புரதத்தைத் தரும் பிஎம்கே-1 ஜீன் பழுதான புழு இன்னும் சீக்கிரம் சாகும். அதே குடும்பத்துப் புரதம் நம் செல்களிலும் எதிர்ப்பு வேலை பார்ப்பதால், ஜீனைப் பற்றிய கேள்வி என்றால் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பாக்டீரியாவை விழுங்கும் ரத்தச் செல்லே இதற்குக் கிடையாது. மதுரையின் மே மாத வெயிலையும் தாங்காது. குளிரூட்டும் இன்குபேட்டர் ஓர் இரவு நின்றால் ஆய்வும் நிற்கும்.

என் ஓட்டு மெழுகுப்புழுவுக்கு. தேனீ வளர்ப்பவர்கள் திட்டித் தீர்க்கும் அதே அந்துப்பூச்சியின் புழு. 37 டிகிரியைத் தாங்கும் என்பதால், மனித உடல் சூட்டில் பாக்டீரியா எப்படி நடந்துகொள்ளும் என்பதை இதில் பார்க்கலாம். நுண்ணிய சிரிஞ்சால் கால் வழியே 10 மைக்ரோலிட்டர் செலுத்தினால் போதும். இதன் ரத்தச் செல்கள் கிருமியை விழுங்கும், சூழ்ந்து அடைக்கும். கூடவே மெலனின் உண்டாகி வெளிர் புழு கறுத்துப்போகும். தொட்டும் அசையாவிட்டால் செத்ததாகக் கணக்கு. வெறும் உப்புக்கரைசல் செலுத்திய புழுக்களும் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் ஊசிக் காயத்தால் செத்தவை கிருமியின் கணக்கில் ஏறிவிடும். முதல் வாரம் சொதப்பினாலும் அடுத்த வாரமே திரும்பச் செய்யலாம்.

குறை உண்டு. ஓர் இடத்துப் புழு போல இன்னோர் இடத்துப் புழு இருக்காது. கூட்டிலிருந்து எடுத்ததில் என்ன நோய், என்ன மருந்து இருந்ததோ. தவிடும் தேனும் கிளிசரினும் கலந்து நாமே வளர்ப்பது நல்லது. அதற்குப் பல வாரம் ஆகும் என்பதால் பங்குனியிலேயே தொடங்கிவிட வேண்டும்.

ஆன்டிபாடி, ஒருமுறை வந்த கிருமியை உடல் நினைவில் வைத்திருப்பது பற்றிக் கேள்வி இருந்தால் மூன்றும் உதவாது. அந்த ஆசை உள்ளவர்கள் அறிவியல் அகாடமிகளின் கோடை ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்து வெளியூர் போகலாம். உள்ளூரில் செய்பவர்கள், எதைத் தேர்ந்தாலும், கிருமியை நீராவியில் கொல்லும் ஆட்டோகிளேவ் ஓடுகிறதா என்று முதல் நாளே கேளுங்கள். சால்மோனெல்லா இருந்த தட்டை அப்படியே குப்பையில் போட முடியாது.