திங்கட்கிழமைச் சண்டையா, மாதக் கடைசிச் சண்டையா? டைம் டிராக்கரும் பிளானரும் பழகிய அனுபவம்

"டைம் டிராக்கிங் வாங்கலாமா, ரிசோர்ஸ் பிளானிங் வாங்கலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஆபீசில் சண்டை எப்போது நடக்கிறது? மாதக் கடைசியில் இன்வாய்ஸ் போனதும், "இந்த வேலைக்கு இத்தனை மணி நேரமா?" என்று கிளையன்ட் கேட்டு, பதில் சொல்லக் கையில் எதுவும் இல்லாமல் விழித்தால் உங்களுக்கு வேண்டியது டைம் டிராக்கர், அதாவது எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்று பதிந்து வைக்கும் மென்பொருள். திங்கட்கிழமை காலையில் இரண்டு டீம் லீடுகள் ஒரே டிசைனருக்காக முட்டிக்கொண்டால் பிளானர், அதாவது யாருக்கு எந்த வாரம் எந்த வேலை என்று முன்கூட்டியே பிரித்து வைக்கும் ரிசோர்ஸ் பிளானிங் மென்பொருள். இரண்டும்தான் நடக்கிறது என்பீர்கள். எங்கள் ஆபீசிலும் இரண்டும் நடந்தது. அப்படி இருந்தால் டிராக்கரில் தொடங்குங்கள் என்பது என் கட்சி.

நாங்கள் கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் இருக்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. இருபது பேருக்குக் கொஞ்சம் மேல். பாதி வேலை மணிக்கணக்கில் பில் போடுவது, மீதி மொத்தமாக ஒரு தொகை பேசி எடுப்பது. டெலிவரியைப் பார்ப்பவன் நான். சில வருடங்களாக இந்த இரண்டு வகை மென்பொருளோடும்தான் என் பொழுது போகிறது.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். வருகைப்பதிவு இந்த இரண்டிலும் சேராது. வாசலில் விரல் வைத்தால் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று தெரியும். உள்ளே எந்த ப்ராஜெக்டில் எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. ஊழியர்கள் தினமும் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று அளக்கும் ஏற்பாடு நிறுவனங்களிடம் இருக்க வேண்டும் என்று 2019 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஸ்பெயின் தொழிற்சங்கம் ஒன்று தொடுத்த வழக்கு அது. அங்கே பேச்சு ஓய்வு நேரத்தையும் ஓவர்டைமையும் பற்றியது. ப்ராஜெக்ட் கணக்கு வேறு. டெமோ காட்ட வருகிறவர்கள் இதையெல்லாம் ஒன்றாகக் குழைத்துத்தான் பேசுவார்கள். நாம்தான் பிரித்துக் கேட்க வேண்டும்.

டிராக்கர்களில் பெயர் பெற்றவை எல்லாம் அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எஸ்தோனியாவில் பிறந்த டாக்ல், ஒரு பட்டனைத் தட்டினால் ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொண்டால், டீமின் வேலைப் பட்டியலை வைத்துக்கொள்ளும் ஜிராவிலும் டிரெல்லோவிலும் அந்தந்த டாஸ்க்குக்குப் பக்கத்திலேயே ஸ்டார்ட் பட்டன் வந்துவிடுகிறது. டெவலப்பர்களிடம் இதற்குத்தான் மவுசு. நியூயார்க்கில் தொடங்கிய ஹார்வெஸ்ட், பதிவான நேரத்திலிருந்தே இன்வாய்ஸ் போட்டுக் கொடுக்கும். அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர்களுக்கு அது பிடிக்கும். 2017இல் வந்த கிளாக்கிஃபை, தலைக்கணக்குப் பார்க்காத இலவசத் திட்டத்தாலேயே பரவியது. கிமாய் ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள். நம் சர்வரிலேயே ஓட்டலாம். தலைக்கு இவ்வளவு என்ற கட்டணம் இல்லை. ஆனால் பேக்கப், அப்டேட் பார்க்க ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். அவருடைய நேரமும் காசுதான்.

எதை எடுத்தாலும் வெற்றி தோல்வி மென்பொருளில் இல்லை, பதிவின் தரத்தில்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு டைம்ஷீட்டைத் திறந்து வாரம் முழுவதையும் நினைவிலிருந்து நிரப்புவார்கள். அந்த ஷீட்டைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்: திங்கள் 8.00, செவ்வாய் 8.00, புதன் 8.00. நிஜமான பதிவு 1:47, 0:38, 2:12 என்று கோணல்மாணலாக இருக்கும். முழு எண் அதிகம் தெரிந்தால் அந்த ரிப்போர்ட்டை நான் கிளையன்டுக்கு அனுப்புவதில்லை. இதற்கு நேர் எதிரான வியாதியும் உண்டு. "அண்ணா, டைமரை நிறுத்த மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டேங்க" என்று காலையில் ஒருவர் வந்து நிற்பார். போய்ப் பார்த்தால் ஒரே டாஸ்க்குக்குப் பதினாலு மணி நேரம் வேலை நடந்திருக்கும். கீபோர்டு சும்மா கிடந்தால் "இந்த நேரத்தைக் கழிக்கட்டுமா?" என்று கேட்கும் வசதி டெஸ்க்டாப் ஆப்களில் இருக்கிறது. அதை முதல் நாளே ஆன் செய்துவிடுங்கள்.

பதிவு உருப்பட எங்களுக்கு உதவியவை இரண்டு. ஒன்று, டாஸ்க் வகைகளை ஐந்தாறாகக் குறைத்தது. பட்டியல் நீளமாக இருந்தால் எல்லோரும் "இதர" என்பதைத் தட்டிவிட்டுப் போவார்கள். மாதக் கடைசியில் "இதர" தான் நம்முடைய பெரிய கிளையன்டாக இருக்கும். இரண்டு, இந்த மணிக்கணக்கை அப்ரைசலில் தொடுவதில்லை என்று எழுத்தில் கொடுத்தது. தன் சம்பளத்துக்கு ஆபத்து என்று தெரிந்தால் யார் உண்மையைப் போடுவார்கள்? ஹப்ஸ்டாஃப், டைம் டாக்டர் போன்ற டிராக்கர்களில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வசதி இருக்கிறது. முன்பின் தெரியாத ஃப்ரீலான்சரிடம் வேலை வாங்கும்போது அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து டீ குடிக்கிறவரிடம் அதை ஓட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அமெரிக்க கிளையன்ட் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. இரவு பதினொன்றரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடியும் கால், நம் நேரப்படி இரண்டு தேதிகளில் விழும். கலிபோர்னியாவில் அது ஒரே நாளின் காலைப்பொழுது. வாரம் ஞாயிறில் தொடங்குகிறதா, திங்களிலா என்பதிலும் இதே இழுபறி. ரிப்போர்ட்டை யாருடைய நேரப்படி எடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே பேசிவிட்டால் பல மெயில்கள் மிச்சம்.

சரி, பிளானருக்கு வருவோம். ஃப்ளோட், ரிசோர்ஸ் குரு, ஹார்வெஸ்ட்காரர்களின் ஃபோர்காஸ்ட், முன்பு டீம்வீக் என்ற பெயரில் இருந்த டாக்ல் பிளான். திறந்தால் இடது ஓரத்தில் ஆட்களின் பெயர், மேலே தேதிகள், நடுவில் கலர் கலராகப் பட்டைகள். பட்டையை இழுத்தால் வேலை அடுத்த வாரத்துக்கு நகரும். ஒருவர் தலையில் அளவுக்கு மேல் ஏறினால் உடனே கண்ணில் படும். டிசைனருக்காக நடக்கும் திங்கட்கிழமைச் சண்டை பாதி இங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஏற்கெனவே வேறு வேலை இருக்கும் ஆளை மறுபடி புக் செய்தால் வெயிட்டிங் லிஸ்ட்டில் போட ரிசோர்ஸ் குருவில் வசதி இருக்கிறது. "வரும், ஆனால் உறுதியில்லை" என்கிற ப்ராஜெக்டைத் தற்காலிகம் என்று குறித்து வைக்க ஃப்ளோட்டில் இடம் உண்டு. கையெழுத்தாகாத ப்ராஜெக்டுகளை நம்பி ஓடும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம்.

செட்டிங்கில் நான் முதலில் மாற்றுவது ஒரு நாளின் அளவை. எட்டு மணி நேரம் என்றுதான் பெரும்பாலும் வரும். மீட்டிங், கோட் ரிவ்யூ, புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் போக எட்டு எங்கே கிடைக்கும்? நான் ஆறு என்றுதான் வைக்கிறேன். அப்புறம் லீவு. பொங்கலுக்கு நம் ஆட்கள் ஊருக்குப் போவார்கள், நவம்பர் நாலாவது வியாழக்கிழமைப் பக்கம் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு அமெரிக்க கிளையன்ட் காணாமல் போவார். இரண்டு நாட்டு காலண்டரையும் ஏற்றாவிட்டால் ஜனவரித் திட்டம் திரையில் மட்டும்தான் நடக்கும்.

பிளானரின் பலவீனம், அது புதன்கிழமைக்குள் பழசாகிவிடுவது. செவ்வாய் மதியம் ஒரு கிளையன்டின் சைட் படுத்துவிட்டால் மூன்று பேர் அதில் இறங்கிவிடுவார்கள். பட்டைகள் மட்டும் பழைய இடத்தில் பத்திரமாக இருக்கும். நாங்கள் ஒரு வருட சந்தாவுக்கு எடுத்த மென்பொருள் ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஒவ்வொருவரின் திறமைக்கும் மார்க், அனுமதிக்கு மூன்று படி என்று சகலமும் இருந்தது. ஒரு பட்டையை நகர்த்த மூன்று பேர் ஓகே சொல்ல வேண்டும். இரண்டாம் மாதமே டீம் லீடுகள் வாட்ஸாப்பில் ஆள் மாற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். மாற்றம் செய்ய ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தால் அந்தப் பிளானர் எங்களுக்கு ஆகாது.

டிராக்கர் முதலில் என்று நான் சொல்வதற்குக் காரணம் எஸ்டிமேட். பழைய கணக்கு இல்லாமல் போடும் திட்டம் ஆசைக் கணக்குதான். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்புக் கடைசி வருட மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள், ஆனது 55.5 நாள். எங்கள் மூன்று மாதப் பதிவை எஸ்டிமேட்டோடு ஒப்பிட்டபோது தெரிந்தது, கோடிங் நேரத்தை நாங்கள் ஓரளவு சரியாகவே சொல்கிறோம் என்பது. எகிறியது இரண்டு இடத்தில்: கிளையன்ட் பார்த்துவிட்டுச் சொல்லும் திருத்தங்கள், அப்புறம் பேமெண்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கும் சேவை) இணைப்பு. கேட்வேயில் நம் கோடு ஒரு நாளில் முடிந்துவிடும். எதிர்த்தரப்பின் ஒப்புதலுக்காகத் திரும்பத் திரும்பச் செய்யும் டெஸ்டிங்தான் நாட்களைத் தின்கிறது. இப்போது அந்த இரண்டுக்கும் தனி வரி போட்டுக் கிளையன்டிடம் முதலிலேயே காட்டுகிறோம். இது எந்தப் பிளானரும் தானாகச் சொல்லியிருக்காத சங்கதி.

எட்டுப் பேருக்குள் இருக்கும் டீமுக்குப் பிளானர் வேண்டாம். ஆள் ஒரு வரி, வாரம் ஒரு கட்டம் என்று ஒரு கூகுள் ஷீட் போதும். இருபதைத் தாண்டி, ஒரே ஆளை இரண்டு மூன்று ப்ராஜெக்ட் பங்கு போடும்போது யோசிக்கலாம்.

வாங்கும்போது காசுக் கணக்கைப் பாருங்கள். டிராக்கரில் நேரம் பதிகிறவருக்குக் கட்டணம். பிளானர்களில் பலவற்றில் அட்டவணையில் பெயர் இருக்கிற ஆளுக்குக் கட்டணம். மாதத்துக்கு இரண்டு நாள் வரும் ஃப்ரீலான்சரையும் சேர்த்தால் பில் ஏறும். அப்படிப்பட்டவர்களை "வெளி டெஸ்டர்" என்று ஒரே வரியில் போட்டு நாங்கள் சமாளிக்கிறோம். டிரையல் முடிவதற்குள் எக்ஸ்போர்ட்டையும் ஒருமுறை செய்துபாருங்கள். சிஎஸ்வி கோப்பில் (எக்செலில் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பு) தேதி, ஆள், ப்ராஜெக்ட், நேரம், குறிப்பு என்று ஐந்தும் தனித்தனிப் பத்தியில் வர வேண்டும். குறிப்பு வராமல் மொத்த மணிக்கணக்கு மட்டும் வந்தால், நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறும்போது பழைய எஸ்டிமேட்டுகளை ஒப்பிட எதுவும் கையில் இருக்காது.