"உள்ள ஃபுல்லா கார்பன் சார்" என்றால், எந்த இடத்தில் என்று கேளுங்கள்

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், அதுவும் வாரன்டி முடிந்து 40,000 கி.மீ. தாண்டியவர்கள், அடுத்த சர்வீஸுக்கு வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். டிகார்பனைசிங், அதாவது என்ஜினுக்குள் படிந்த கரியை எடுக்கும் வேலை, என்ற பெயரில் எனக்கு 7,080 ரூபாய் பில் போட்டார்கள். கேட்காமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுத்த பிறகுதான் போட்டார்கள். அந்தப் பில்லில் இருந்த முக்கியமான வேலையைச் செய்யவே இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. கோவையில் நடந்தது. கொஞ்சம் பெரிய சர்வீஸ் சென்டர், ஏசி வெயிட்டிங் ஹால், காபி மெஷின் எல்லாம் உண்டு. பெயர் வேண்டாம். இதே நாடகம் பல ஊர்களில், பல போர்டுகளுக்குக் கீழே நடக்கிறது.

கார் 2018 மாடல், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், சாதாரண ஹேட்ச்பேக். 52,000 ஓடியிருக்கிறது. ஏசி போட்டுக்கொண்டு மூன்றாவது கியரில் மேடு ஏறினால் வெட்டி வெட்டி இழுக்கும். மழை நாளில் இன்னும் கொஞ்சம் அதிகம். மைலேஜும் இறங்கியிருந்தது. இதைத்தான் சர்வீஸ் அட்வைசரிடம் சொன்னேன்.

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்கேனர் மாட்டவில்லை. மேசையிலிருந்து ஒரு டிஷ்யூ பேப்பரை உருவிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து, சைலன்சர் முனைக்குள் விட்டு ஒரு சுற்று சுற்றினார். பேப்பர் கறுப்பாக வந்தது. "பாத்தீங்களா சார், உள்ள ஃபுல்லா கார்பன். இப்ப ஈ20 பெட்ரோல் வேற. இப்படியே விட்டா ஹெட் இறக்க வேண்டி வரும், நாப்பதாயிரம் ஆயிரும். இப்பவே பண்ணிட்டா நாலாயிரத்து ஐநூறோட போயிரும்."

அந்த டிஷ்யூ வித்தைக்கு யாரும் மயங்க வேண்டாம். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது முதல் சில நிமிடம் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே விடும். அந்தக் கரிதான் சைலன்சர் முனையில் ஒட்டுகிறது. தினமும் நாலு கிலோமீட்டர் ஆபீஸுக்குப் போய் வரும் எந்த வண்டியிலும் இது இருக்கும். பிஸ்டன் தலையில் என்ன இருக்கிறது, வால்வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. விறகடுப்பில் வைத்த சட்டியின் அடி கறுத்திருப்பதைக் காட்டி, உள்ளே சோறு தீய்ந்துவிட்டது என்று சொல்கிற கதைதான். ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பற்றிச் சொன்னதும் சும்மா மிரட்டல். பழைய வண்டிக்கு ஈ20-இல் யோசிக்க வேண்டிய விஷயம் மைலேஜும் ரப்பர் பாகங்களும்.

சரி, வேண்டாம் என்றேன். ஜாப் கார்டை வாங்கி என் கையாலேயே எழுதினேன்: "பிளக், காயில், ஏர் ஃபில்டர் பார்க்கவும். கூடுதல் வேலை எதுவானாலும் போனில் கேட்ட பிறகே." (காயில் என்பது பிளக்கில் பொறி வர மின்சாரம் கொடுக்கும் பாகம்.) எழுதியதைப் போனில் போட்டோவும் எடுத்துக்கொண்டேன். பின்னால் பணம் திரும்பி வந்ததில் பாதிக் காரணம் அந்த ஒரு போட்டோ.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பில் வந்தது. வழக்கமான சர்வீஸ் தனி. அதற்குக் கீழே என்ஜின் டிகார்பனைசிங், கெமிக்கல் சோக் முறை, 4,500. இன்ஜெக்டர் கிளீனர் 650. த்ராட்டில் பாடி (என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனிங் 850. மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. நான் பார்க்கச் சொன்ன பிளக்குக்கும் காயிலுக்கும் எதிரே 'ஓகே' என்று ஒரு டிக் மட்டும்.

நேரில் போய்க் கேட்டபோது இரண்டு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார்கள். புகைப் பரிசோதனை ரீடிங். 'முன்பு' என்ற சீட்டில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் எகிறியிருந்தன. 'பின்பு' என்ற சீட்டில் இரண்டும் தரையில் கிடந்தன. "நீங்களே பாருங்க சார், எவ்வளவு வித்தியாசம்." சீட்டில் நேரம் அச்சாகியிருந்தது. முதல் ரீடிங் காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்த கையோடு எடுத்தது. இரண்டாவது முக்கால் மணி நேரம் கழித்து. சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் நன்றாகச் சூடானால்தான் வேலை செய்யும். குளிர்ந்த வண்டியில் ஒரு தடவை, சூடான வண்டியில் ஒரு தடவை எடுத்தால், நடுவில் எதுவுமே செய்யாமல் டீ குடித்துவிட்டு வந்தாலும் இந்த வித்தியாசம் வரும். டேஷ்போர்டில் இருந்த என் புகைச் சான்றிதழை எடுத்துக் காட்டினேன். என் கார் மாதிரி பிஎஸ்4 புகை விதிக்கு உட்பட்ட பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில், அதாவது நின்றபடி என்ஜின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம். என் வண்டி இரண்டிலும் வெகு கீழே இருந்தது. அதற்கு அவரிடம் பதில் இல்லை. "சிஸ்டத்துல பில் ஏறிடுச்சு சார்" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சாவி கவுன்டருக்கு அந்தப் பக்கம். மறுநாள் காலை குடும்பத்தோடு பழனி போக வேண்டும். அவர்களுடைய பில் நகலில் 'அனுமதி கேட்காமல் செய்த வேலை, எதிர்ப்பு தெரிவித்துப் பணம் கட்டுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கார்டில் கட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில் உக்கடம் மேம்பாலம் ஏறும்போதே வண்டி பழையபடி வெட்டியது.

பழனியைத் தள்ளிப்போட்டுவிட்டு, காலையில் சுந்தராபுரத்தில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். சின்ன ஷெட். ஆனால் ஸ்கேனர் வைத்திருக்கிறார். மாட்டியதும் பி0302 என்று பெண்டிங் கோடு காட்டியது. இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்று அர்த்தம். விளக்கு எரியும் அளவுக்கு இன்னும் போகவில்லை, அதனால் டேஷ்போர்டில் எதுவும் தெரியவில்லை. பில்லை வாங்கிப் பார்த்தார். காயிலைக் கழற்றப் போன கையை நிறுத்தி, "இங்க வாங்க, இதப் போட்டோ புடிச்சுக்குங்க" என்றார்.

காயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலையில் புழுதி அப்பியிருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. காயிலை உருவினால் பிளக் குழியின் விளிம்பைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் மெல்லிய வளையம், கலையாமல் அப்படியே இருந்தது. நான்கு சிலிண்டரிலும் இதே கதை. "பிளக்கக் கழட்டாம பிஸ்டன் மேல எப்படிங்க கெமிக்கல் ஊத்துவாங்க? இத எவனும் தொடவே இல்லீங்க."

சோக் முறை என்றால் என்னவென்று தெரிந்தால்தான் இது புரியும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக பிஸ்டன் தலைமேல் ரசாயனத்தை ஊற்றி, ஊறவிட்டு, பிறகு உறிஞ்சி எடுக்க வேண்டும். ரிங் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும் என்பதால் முடித்ததும் ஆயிலையும் மாற்ற வேண்டும். குழியில் மண் வளையம் கலையாமல் இருக்க, இந்த வேலை நடந்திருக்க வழியே இல்லை.

குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு பிளக்கைக் கழற்றி, போனில் இணைக்கும் சின்ன கேமராவை உள்ளே விட்டார். பிஸ்டன் தலையில் கரும்பழுப்பாக மெல்லிய படிவு. ஓரத்தில் உலோகம் பளிச்சென்று தெரிந்தது. அம்பதாயிரம் ஓடின வண்டிக்கு இது இருக்கத்தான் செய்யும் என்றார். அப்புறம் இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பார்த்தார். கோடு பி0303-க்கு நகர்ந்தது. காயில் போகிற இடத்துக்கெல்லாம் கோளாறும் கூடவே போனால் குற்றவாளி காயில்தான், வேறு ஆராய்ச்சி வேண்டாம். என் கார் மேனுவலில் பிளக்கை 40,000-த்தில் மாற்றச் சொல்லியிருக்கிறது. அதையும் மாற்றவில்லை. ஒரு காயில், நான்கு பிளக், கூலி எல்லாம் சேர்த்து 3,400. வண்டி வெட்டுவது அன்றோடு நின்றது.

அப்படியானால் கார்பன் எடுப்பதே பொய்யா என்று கேட்டால், இல்லை. நம் அப்பாக்கள் காலத்தில் இது நிஜமான, அவசியமான வேலை. ஆர்எக்ஸ் 100, பழைய சேத்தக், டிவிஎஸ் 50 எல்லாம் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும். சைலன்சரைக் கழற்றி உள்குழாயை நெருப்பில் காட்டிக் கரி உதிர்த்தவர்கள் எத்தனையோ பேர். 'கார்பன் எடுத்தா வண்டி பறக்கும்' என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது. இன்றைய அட்வைசர்கள் விற்பது அந்த நம்பிக்கையைத்தான்.

இன்றைய வண்டிக்கு முதலில் கேட்க வேண்டியது, எந்த மாதிரி இன்ஜெக்‌ஷன் என்று. சாதாரண எம்பிஎஃப்ஐ பெட்ரோல் என்ஜினில் இன்ஜெக்டர், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வுக்குப் பின்னால் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. பெட்ரோலும் அதில் கலந்திருக்கும் டிடர்ஜென்ட்டும் வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கும். நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவை இந்த ரகம். கோளாறு எதுவும் இல்லாத வண்டிக்கு, கி.மீ. கணக்கைக் காட்டி கார்பன் எடுக்கத் தேவையே இல்லை. சந்தேகம் இருந்தால் பாலிஈதர் அமீன் என்ற டிடர்ஜென்ட் கலந்த நல்ல ஃப்யூயல் அடிட்டிவ் ஒரு பாட்டிலை டாங்கில் ஊற்றிப் பார்க்கலாம், சில நூறு ரூபாயோடு முடியும். அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் கார்பன் போகும் என்பது தவறு. சுத்தம் செய்வது அதில் சேர்க்கும் டிடர்ஜென்ட், ஆக்டேன் எண் அல்ல.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வேறு கதை. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஐ, ஹூண்டாய், கியாவின் டர்போ ஜிடிஐ, மஹிந்திராவின் எம்ஸ்டாலியன் டிஜிடிஐ இவற்றில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. இன்டேக் வால்வின் முதுகில் ஒரு சொட்டும் படாது. என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி அங்கே படிந்து, சூட்டில் இறுகி, நாளடைவில் கட்டியாகிறது. குளிர்ந்த ஸ்டார்ட்டில் நடுக்கம், இழுவைக் குறைவு, மிஸ்ஃபயர் என்று தெரியும். இதற்கு டாங்கில் ஊற்றும் எந்த மருந்தும் பயனில்லை, அது அந்த இடத்தைத் தொடவே தொடாது. உருப்படியான வழி இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வது. செலவும் அதிகம், எல்லாக் கடையிலும் செய்யவும் மாட்டார்கள். அதற்குப் பதில் த்ராட்டில் வழியாக ஸ்பிரே அடிக்கிறேன் என்றால், டர்போ வண்டிக்காரர்கள் நன்றாக யோசித்துவிட்டுச் சரி சொல்லுங்கள். பெயர்ந்து வரும் கெட்டிக் கரி டர்போ வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

டீசலில், புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்கே அனுப்பும் ஈஜிஆர் வழியாகத் திரும்பி வரும் புகைக்கரியும் ஆயில் ஆவியும் கலந்து இன்டேக்கில் தார் மாதிரி அப்பிக்கொள்வது உண்மைதான். கழற்றினால் கண்ணாலேயே தெரியும். பிஎஸ்6 டீசலில், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அடைப்பு தனிப் பிரச்சினை, ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்களுக்கு அதிகம் வரும். பைபாஸில் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட்டினால் பெரும்பாலும் அதுவே எரித்துக்கொள்ளும்.

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவை உள்ளே விடும் மெஷினும் இப்போது எங்கே பார்த்தாலும் இருக்கிறது. குமிழி விடும் பாட்டிலும் நீல லைட்டும் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. என்ஜினை முக்கால் மணி நேரம் ஐடிலில் விட்டு இந்த வாயுவைக் கொடுத்தால் வால்வில் இறுகிய கட்டி உதிரும் என்பதை நான் நம்பவில்லை. நம்பச் சொல்பவர்கள் கேமராவை உள்ளே விட்டு, அதே சிலிண்டரை முன்பும் பின்பும் காட்டட்டும்.

ஆயில் குடிக்கும் வண்டி என்றால் கார்பனைச் சுரண்டி என்ன பயன், ரிங்கையோ வால்வ் சீலையோ சரிசெய்யாவிட்டால் மறுபடி படியத்தான் போகிறது. ஐடிலிங் ஏறி இறங்கினால் த்ராட்டில் பாடி கிளீனிங் நியாயமான வேலை, அதை டிகார்பனைசிங் என்று பெரிய பெயர் வைத்து விற்காத வரை.

பணம் என்ன ஆயிற்று? போல்ட் போட்டோ, மண் வளையம், ஜாப் கார்டு, இரண்டு சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து முதலில் சர்வீஸ் மேனேஜருக்கு மெயில் போட்டேன். 'குட்வில்லாக அடுத்த சர்வீஸில் தள்ளுபடி' என்று பதில் வந்தது. அடுத்த சர்வீஸுக்கு அங்கே யார் போகப் போகிறார்கள்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கூப்பிட்டுப் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணைப் போட்டு இன்னொரு மெயில் அனுப்பினேன். அதற்குப் பிறகு பேச்சின் தொனியே மாறியது. டிகார்பனைசிங் 4,500-உம் அதற்கான ஜிஎஸ்டியும் கணக்குக்குத் திரும்பி வந்தன. கிளீனரும் த்ராட்டிலும் 'செய்த வேலை' என்று பிடிவாதமாக நிற்கிறார்கள். நான் போட்ட ஒற்றை ஸ்டார் ரிவ்யூவை எடுத்துவிடச் சொல்லி அதே அட்வைசர் அவ்வப்போது கூப்பிடுகிறார். மீதி 1,770 ரூபாயையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.