அலமாரி அடி விளக்கு: டி5 பேட்டனா, எல்.இ.டி. ஸ்ட்ரிப்பா?

மேடையில் காய் நறுக்கும்போது கூரை விளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கும்; நம் நிழலே பலகைமேல் விழும். மேல் அலமாரிக்கு அடியில் ஒரு விளக்கு மாட்டினால் அந்தத் தொல்லை தீரும்.

டி5 பேட்டன் லைட் (மெல்லிய குழல் வடிவ விளக்கு) நேராக 230 வோல்ட்டில் எரியும், தனி டிரைவர் (வீட்டு மின்சாரத்தைக் குறைந்த வோல்ட்டுக்கு மாற்றும் பெட்டி) வேண்டாம். ஆனால் 2 அடி, 4 அடி என்றுதான் பெரும்பாலும் வரும். அலமாரி 3 அடி என்றால் ஓரம் இருட்டாகவே நிற்கும். வாடகை வீட்டுக்கு இது போதும்.

ஸ்ட்ரிப் என்பது சிறு எல்.இ.டி. புள்ளிகள் வரிசையாகப் பதித்த, ஒட்டும் நாடா. அதை வேண்டிய அளவுக்கு வெட்டலாம், ஒளியைக் கூட்டிக் குறைக்க டிம்மரும் போடலாம். 12 அல்லது 24 வோல்ட் டிரைவர் தேவை. மீட்டருக்கு 10 வாட் வீதம் 3 மீட்டர் என்றால் 30 வாட். டிரைவர் 40 வாட்டாவது இருக்கட்டும். தயவுசெய்து வெறும் ஸ்ட்ரிப்பை ஒட்டாதீர்கள். தாளிக்கும் புகை பட்டுப் பட்டு பசை விட்டுப்போகும்; கறுப்பு கிரானைட்டில் ஒவ்வொரு புள்ளியும் மின்னிக் கண்ணை உறுத்தும். பால்நிற மூடியுள்ள அலுமினியச் சட்டத்துக்குள் வைத்தால் ஒரே சீரான ஒளி, துடைப்பதும் எளிது. சொந்த வீடென்றால் என் ஓட்டு இதற்கே.

எதுவானாலும் சுவரோரம் மாட்டாமல், அலமாரியின் முன்விளிம்பை ஒட்டி, சற்றே உள்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள். ஒளியின் நிறம் 4000 கெல்வின் (மஞ்சளும் நீலமும் தூக்கலாக இல்லாத வெள்ளை), சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு) 90க்குக் குறையாமல் பாருங்கள். கீரையில் பழுத்த இலை அப்போதுதான் தெரியும்.